டர்போவும் இருபத்து மூன்று வெள்ளை உடுப்புகளும்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேனியில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவுக்கு வாத்தியாராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும், ஓடுகிற டீசல் இன்ஜின் எதிலும் நான் கை வைத்ததில்லை.

ஐ.டி.ஐ.யில் இன்ஜின் இல்லாமல் இல்லை. ஒன்று இருந்தது. அதைப் பாதியாக அறுத்து, காற்று போகும் வழிக்கு நீலம், டீசல் போகும் வழிக்கு மஞ்சள், புகை போகும் வழிக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்து மேசை மேல் போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் பிஸ்டன் ஏறும், இறங்கும். சத்தம் கிடையாது, சூடு கிடையாது, புகை கிடையவே கிடையாது. அந்த இன்ஜினை நான் கரைத்துக் குடித்திருந்தேன். உலகத்தில் உள்ள எல்லா இன்ஜினும் அதே மாதிரி மரியாதையாகத்தான் நடந்துகொள்ளும் என்று நம்பினேன். (எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. செல்போனில் இன்கமிங் இலவசம் ஆகியிருந்த சமயம். எல்லோருக்குமே கொஞ்சம் தைரியம் கூடியிருந்தது.)

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில். அக்கா ஜெசிந்தாவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா புருஷன் சவரிமுத்து மச்சான் கம்பம் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினார். வெள்ளை நிற டீசல் கார், இரண்டாம் கையாக வாங்கியது. சமதளத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வருகிற சவாரியில் முக்கால்வாசி குமுளிக்கு. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அந்தக் கார் வயசாளி மாதிரி ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று யோசிக்கும். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்காரப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகும். ஜீப்புக்குள்ளிருந்து பெண்கள் கையாட்டுவார்கள். மச்சானுக்கு அது ஆசீர்வாதம் மாதிரித் தெரியவில்லை.

ஒருநாள் ஏலக்காய் யாவாரி ஒருவர், மலையாளத்துக்காரர், நாலாவது வளைவில் பொறுமை இழந்து, "சேட்டா, ஞான் எறங்ஙி நடக்கட்டே? மேல வச்சு காணாம்" என்றாராம். இறங்கி நடக்கட்டுமா, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே அனுமதி கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, நீ டீசல் இன்ஜினுக்குத்தான வாத்தியாரு?"

"ஆமா மச்சான்."

"அப்ப என் வண்டிக்கு என்ன கேடுன்னு சொல்லு."

நான் காரைப் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, "காத்துப் பத்தல" என்றேன்.

பிறகு டர்போவைப் பற்றி விளக்கினேன். வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அடைக்கும். காற்று நிறையப் போனால் டீசலும் நிறைய எரிக்கலாம். டீசல் நிறைய எரிந்தால் வண்டி மலையேறும்.

"காத்த அடச்சாப் போதும்ங்கிற."

"பத்தாது மச்சான். காத்துக்கு ஏத்த டீசலும் போகணும். பம்புல அத செட் பண்ணணும்."

"அது எம்புட்டு?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே ரொம்பக் கேடான வாக்கியம் அதுதான்.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து, சாதா டீசல் இன்ஜினில் டர்போ மாட்டிய ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். இரண்டு பக்கம். பம்பின் பின்னால் ஒரு திருகு இருக்கும், அதை உள்ளே முடுக்கினால் டீசல் கூடும் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதை அச்செடுத்தேன். இரண்டாம் பக்கம் பிரின்டரிலிருந்து பாதி வெளியே வந்தபோது கரண்ட் போய்விட்டது. வந்தவரைக்கும் கிழித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முக்கியமான விஷயம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டதே என்று எனக்குத் திருப்தி.

(இரண்டாம் பக்கத்தில் முழுதாக என்ன இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். டர்போ உடனே காற்றைத் தராது, இன்ஜின் இழுத்து ஓடினால்தான் தரும். அதனால் டர்போ வண்டிக்கென்று செய்யும் பம்பில், காற்று வந்த பிறகு மட்டும் கூடுதல் டீசலைத் திறந்துவிட ஒரு மூடி இருக்கும். அது இல்லாத சாதா பம்பில் திருகை மட்டும் முடுக்கினால், காற்று வரும் முன்னாடியே டீசல் போய் உட்கார்ந்திருக்கும். எரியக் காற்றில்லாத டீசல் கரியாகத்தான் வெளியே வரும். எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார் அந்தப் புண்ணியவான்.)

கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடை ஒன்றில், ஏதோ ஒரு விபத்து வண்டியிலிருந்து கழற்றிய டர்போ கிடைத்தது. உத்தமபாளையத்தில் பட்டறைக்காரர் ஒருவர் குழாய்களை வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் சனி, ஞாயிறு விடாமல் வேலை பார்த்து மாட்டினோம். முதல் ஓட்டம் போய் வந்த மச்சான் சொன்னார்: "மாப்ள, விசில் மாதிரி ஒரு சத்தம் வருது, நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி அதே வண்டிதான்."

டீசலைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கம்பத்தில் டீசல் பம்பு வேலைக்கு இஸ்மாயில் பாய் கடைதான். அவர் கார் பானட்டைத் திறந்து டர்போவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டர்போவைப் பார்த்தார்.

"தம்பி, பம்பக் கழட்டி பெஞ்சுல ஏத்தி, அளந்து பாத்துத்தான் கூட்டணும். வண்டிய மூணு நாளு இங்கன விட்டுட்டுப் போங்க."

"ஞாயித்துக்கெழம வண்டி வேணும் பாய்."

"அப்ப ஞாயித்துக்கெழம கழிச்சு வாங்க. அதுவரைக்கும் அந்தத் திருகுல கை வைக்காதீக."

"நான் ஐ.டி.ஐ. வாத்தியார் பாய்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன விசேஷம் என்று சொல்ல வேண்டும். அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை. எங்கள் சபையில் பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்குகிற நாள். ஒன்பது வயது. அவளோடு சேர்த்து ஊரில் இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த வேண்டும். ஸ்டெல்லாவின் வெள்ளைக் கவுன், கையுறை, தலைக்குப் பூ வளையம் எல்லாம் தாய்மாமன் என்ற முறையில் நான் மதுரைக்குப் போய் வாங்கி வந்தது.

அந்த வருடம் இன்னொரு விசேஷமும் உண்டு. வெகு காலம் முன்பு எங்கள் ஊரில் பங்குச் சாமியாராக இருந்து, அக்காவுக்கும் எனக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர், வயதாகி மதுரையில் ஓய்வில் இருந்தார். அவரை ஊரார் பெரிய சாமி என்பார்கள். அவரே வந்து பிள்ளைகளுக்கு நன்மை கொடுக்கப் போகிறார். முட்டி வலி என்பதால் நடக்க மாட்டார். ஊர் எல்லையிலிருந்து கோயில் வரை பவனியில் அவரைக் காரில் வைத்துக் கூட்டி வர முடிவாயிற்று. வெள்ளைக் கார்தான் பொருத்தம் என்று மச்சானின் காரைச் சொல்லிவிட்டார்கள். மச்சான் அதற்குப் பிறகு மூன்று நாள் தரையில் கால் பாவி நடக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சோதனைக்குப் பாரமாகக் காரில் நாலு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு நானும் மச்சானும் லோயர் கேம்ப் போனோம். திருகில் இருந்த ஈய முத்திரையைக் குறட்டால் வெட்டினேன். கால் சுற்று முடுக்கினேன். வண்டி கொஞ்சம் தெளிந்தது. இன்னொரு கால் சுற்று. இரண்டாவது கியரில் ஏறியது. இன்னொரு கால். மூன்றாவது கியர் எடுத்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட ஊரில் கொஞ்சம் மரியாதையோடு இருந்திருப்பேன். மச்சான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "இன்னும் ஒரு கால் குடேன் மாப்ள" என்றார். கொடுத்தேன். முழுச் சுற்று.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். கார் விசிலடித்துக்கொண்டு மலையேறியது. இரண்டு ஜீப்பைத் தாண்டினோம். ஒரு லாரியைத் தாண்டினோம். யாவாரி இறங்கி நடக்கிறேன் என்ற அந்த வளைவில் மச்சான் ஒற்றைக் கையால் ஓட்டினார். பின்னால் வந்த ஜீப் டிரைவர் தலையை வெளியே நீட்டி, முகத்தைத் துடைத்துத் துடைத்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

குமுளியில் டீ குடிக்கும்போது முன்பின் தெரியாத நாலு பேரிடம் மச்சான், "என் மச்சினந்தான் செஞ்சான். வாத்தியாரு" என்று சொன்னார். எனக்கு டீ உள்ளே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பெரிய சாமியைக் கூப்பிட தேனிக்குப் போனோம். நான் முன்சீட்டில், இன்ஜினைக் கவனிப்பதற்காக. சின்னமனூர் ரோட்டில் கார் பறந்தது. புகை என்ற பேச்சே இல்லை. பெரிய சாமி ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, "நல்லாப் போகுது வண்டி. மலைக்குப் போற வண்டியோ" என்று கேட்டார்.

"ஆமா சாமி. டர்போ போட்டிருக்கோம்" என்றேன்.

"சந்தோசம்" என்றார். அவருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஊர் எல்லையில் பேண்டு செட்டு தயாராக நின்றது. முதலில் பிள்ளைகள், பின்னால் கார் என்றுதான் ஏற்பாடு. ஆனால் கோயிலில் மறைக்கல்வி நடத்தும் ரோசம்மா டீச்சர், காருக்கு முன்னால் பிள்ளைகளை நடக்க விடுவது ஆபத்து, பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆவது என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகப் பிள்ளைகளைக் காருக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

பேண்டு முன்னால், கார் நடுவில், குவித்த கைக்குள் மெழுகுவத்தியோடு இருபத்து மூன்று வெள்ளைப் பிள்ளைகள் பின்னால், அதற்கும் பின்னால் பட்டுச் சேலையில் தாய்மார்கள். பவனி கிளம்பியது.

நடக்கிற வேகம். முதல் கியர். மச்சான் கிளச்சைப் பாதி மிதித்தபடி உருட்டினார். கோயில் தெரு லேசான ஏற்றம். ஆக்சிலேட்டரைத் தொட்டார். கார் லேசாக இருமியது.

பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். இருபத்து மூன்று குரல் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் பதினைந்து குரல் போலக் கேட்டது. அப்புறம் ஏழு, எட்டு. அப்புறம் இருமல்.

மச்சான் கண்ணாடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மாப்ள, பின்னால இருட்டுது" என்றார்.

"மழை மச்சான்."

"மே மாசத்துலயா?"

திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடியில் பிள்ளைகள் இல்லை, தெரு இல்லை, ஊர் இல்லை. கறுப்பாக ஒன்று உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது.

அந்த நொடியில் பாதி அச்சான அந்த இரண்டாம் பக்கத்தில், 'டர்போ உடனே காற்றைத் தராது' என்று வெட்டுப்பட்டு நின்ற கடைசி வரி எனக்குப் புரிந்தது. டர்போ சுற்றவில்லை, அதனால் காற்று இல்லை, அதனால் புகை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன். அதை இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாது. மருந்துதான் கொஞ்சம் பிசகிவிட்டது.

"மச்சான், டர்போ சுத்துனா பொகை நின்னுரும். கிளச்ச முழுசா மிதிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர ஒரே அமுக்கா அமுக்குங்க."

"அமுக்கவா?"

"அமுக்குங்க."

மச்சான் என்னை நம்பினார். மனுசன் என்னை நம்பிய கடைசி முறை அது.

இழுக்கச் சுமை எதுவும் இல்லாமல் இன்ஜின் வெறுமனே உறுமினால் டர்போ பெரிதாகச் சுற்றாது என்பதைப் பாடப் புத்தகத்தில் நான் தாண்டிப் போயிருந்தேன் போல. ஒரே ஒரு 'பொம்'. பேண்டு வாசிப்பவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தெருவில் அதுவரை நின்றுகொண்டிருந்த கோழி, நாய் எதுவும் அப்புறம் இல்லை. நான் சாவியைப் பிடுங்கி இன்ஜினை நிறுத்தினேன்.

காற்று மெதுவாகப் புகையைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ரோசம்மா டீச்சர் மூன்று வாரமாக, என்ன நடந்தாலும் வரிசை கலையக் கூடாது, கை குவித்தபடியே நிற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார். ஒரு பிள்ளைகூடக் கலையவில்லை. இருபத்து மூன்று பேரும் கை குவித்து, கறுப்பாக நின்றார்கள். கண் மட்டும் வெள்ளை. ஒரு பையன் மூக்கைத் துடைக்கக் கையை எடுத்தான். உள்ளங்கை மட்டும் பளிச்சென்று இருந்தது.

பெரிய சாமி தானே கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"நெத்தியில சாம்பல் பூசுற சாம்பல் புதன் எப்பவோ முடிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வரிசையில் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தாய்மார்கள் சிரிக்கவில்லை. அவர்கள் பட்டுச் சேலையும் அதே தெருவில்தான் வந்திருந்தது.

பூசை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடியில், தேங்காய் எண்ணெயும் சோப்பும் வைத்துப் பிள்ளைகளின் முகத்தைக் கழுவிவிடும் வேலை எனக்குத் தரப்பட்டது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. தாய்மாரில் ஒருத்தி, "ஏலே வாத்தி, காதுக்குப் பின்னாடியும் தேயி" என்றாள். இன்னொருத்தி, "இந்தச் சட்டைய எதுல போட்டு வெளுக்க, அதையும் ஒன் பொஸ்தகத்துல பாத்துச் சொல்லு" என்றாள். அக்கா ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். திட்டியிருக்கலாம்.

கடைசியாக ஸ்டெல்லா வந்தாள். மதுரையில் ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிய கவுன், கரி அள்ளுகிற சாக்கு மாதிரி இருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"மாமா, எல்லாரும் ஒங்களத் திட்டுறாக."

"திட்டட்டும்த்தா."

"நான் ஒண்ணும் சொல்லல." அடுத்த கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா மாமா, வண்டி விசிலடிக்கும்னு எங்க வரிசையில எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். அது ஏன் அடிக்கல?"

அவளுக்கு அந்த ஒரு குறைதான். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இருபத்து மூன்று சாம்பல் நிறப் பிள்ளைகளும் அன்றைக்கு நன்மை வாங்கினார்கள். பெரிய சாமி பிரசங்கத்தில் உள்ளத்தின் வெண்மை பற்றிப் பேசினார். வேண்டுமென்றேதான் பேசினார் என்று மச்சான் இன்றும் சொல்கிறார். திரும்பிப் போகும்போது காரில் ஏறவில்லை. முட்டி இப்போது பரவாயில்லை என்று சொல்லி பஸ் ஸ்டாப் வரை நடந்தார்.

போட்டோ எடுக்க வந்த ஸ்டுடியோக்காரர் ரொம்ப யோசித்து, கலரில் போட்டால் கரி தெரியும், கறுப்பு வெள்ளையில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். அதனால் எங்கள் ஊரில் இருபத்து மூன்று வீட்டில் அந்தப் புதுநன்மைப் படம் கறுப்பு வெள்ளையில் தொங்குகிறது. படத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளே இப்போது, இது தாத்தா காலத்துப் படமா என்று கேட்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் போர்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் கோம்பைக்கார மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், ஒரு சந்தேகம். டீசல் அதிகமாப் போனா என்ன சார் ஆகும்?" என்றான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. செய்தி அவ்வளவு தூரம் போயிருந்தது. நான் திரும்பாமலே, "கறுப்புப் புகை வரும்" என்றேன். "எம்புட்டு சார்?" என்றான்.

அந்த வாரமே இஸ்மாயில் பாய் வண்டியை மூன்று நாள் வைத்துக்கொண்டார். திருகைப் பின்னால் எடுத்து, காற்று வந்த பிறகு டீசலைத் திறக்கிற மூடி உள்ள பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டி, அளந்து கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. புது ஈய முத்திரையை மட்டும் இரண்டாகப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கார் ஏழு வருடம் புகையில்லாமல் குமுளி ஏறியது. கேட்டவர்களிடம் எல்லாம் மச்சான், "பாய் செஞ்ச வேலை" என்றார். நான் பக்கத்தில் நின்றபோதும் அப்படித்தான் சொன்னார்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஊரில் அவர்களுக்கு 'டீசல் செட்டு' என்று பெயர். அவர்களே அதைப் பெருமையாக வைத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் 'மணமக்களை வாழ்த்தும் டீசல் செட்டு' என்று இருபத்து மூன்று பேர் முகத்தோடு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் பெட்ரோல் பங்கு வைத்திருக்கிறார்களோ என்று விசாரிக்கிறார்கள்.

ஸ்டெல்லா கல்யாணத்துக்கும் வைத்தார்கள். நான் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், கோயிலுக்குக் கிளம்ப நின்ற கல்யாணக் கார் பக்கத்தில், மாலைக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா வெள்ளைப் பட்டில் வெளியே வந்தாள். மச்சான் கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறவில்லை. என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு குனிந்து டிரைவரிடம் கேட்டாள்:

"அண்ணே, எங்க மாமா பானட்டத் தொறந்தாகளா?"

"இல்ல தங்கச்சி. அவுக இப்பத்தான் வந்தாக."

"சரி" என்று ஏறி உட்கார்ந்தாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வண்டியை எடுத்தாலும், ஸ்கூட்டர் ஆனாலும் டிராக்டர் ஆனாலும், கிளம்பும் முன் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.